எட்டில் இரண்டு, நாலில் ஒன்று

திருச்சானூர்
18.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வேதாச்சலம் எழுதுவது. போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால் கடிதம். புது வீடு முடிந்தது. வைகாசிக் கடைசியில் கிரகப்பிரவேசம். நீ வரவேண்டும்.

நேற்று பேத்தி ஹர்ஷினி பின்னக் கணக்கு போட்டாள். எட்டில் இரண்டு. மேலேயும் கீழேயும் இரண்டாம் வாய்ப்பாட்டில் அடித்தாள். நாலில் ஒன்று ஆகிவிட்டது. நைனா நம் நாலு பேருக்கும் விட்டுப்போன கிணற்றில் அண்ணனுக்கும் தங்கச்சி கோதைக்கும் எனக்கும் நாலு நாளில் ஒரு நாள் தண்ணீர். உனக்கு எட்டு நாளில் இரண்டு நாள். இரண்டும் ஒன்றுதானே அக்கா? உன் நிலம் கடைமடை. ஒரு நாள் மட்டும் விட்டால் பாதியை மண் வாய்க்காலே குடித்துவிடும் என்றுதான் சேர்த்துக் கொடுத்தேன். இன்னுமா கோபம்?

தம்பி
வேதாச்சலம்

புத்தூர்
24.4.2024

வேதாச்சலத்துக்கு,

எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நீ பள்ளிக்கூடம் போக, கன்று மேய்த்தவள் நான்.

குழந்தை போட்ட கணக்கு சரி. பங்கில் ஏமாற்றினாய் என்று நான் என்றைக்குச் சொன்னேன்? இரண்டு நாள் தண்ணீர், அப்புறம் ஆறு நாள் வெயில். ஐந்தாம் நாளே என் கத்தரி நாற்று தலை தொங்கிவிட்டது. "ஒரு மடை திருப்பி வுடுடா" என்று வரப்பில் நின்று கேட்டேன். "உன் பங்குதான் வந்துட்ச்சே, இன்னாத்துக்கு கத்திக்கினு நிக்கிற?" என்றாய். பச்சைக் கரை வேட்டி கட்டியிருந்தாய். அந்த இரண்டை அடித்தபோது என் ஆறு நாளையும் சேர்த்து அடித்துவிட்டாய்.

இந்தச் சித்திரையில் மல்லி காய்கிறது. நான் வரவில்லை. வீடு நன்றாக இருக்கட்டும்.

செங்கமலம்

திருச்சானூர்
7.5.2024

அக்காவுக்கு,

பச்சைக் கரைதான். எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

பைப் வேலை செய்யும் பரணியை விட்டு, கிணற்றிலிருந்து உன் வயல்வரை பைப் போடச் சொல்லிவிட்டேன். இனி வாய்க்கால் குடிக்காது. அண்ணனும் கோதையும் சரி என்றார்கள். வெள்ளிக்கிழமை முதல் உனக்கும் நாலு நாளுக்கு ஒரு நாள். வீட்டுக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம். தண்ணீர் வரும்.

வேதாச்சலம்

புத்தூர்
15.5.2024

தம்பிக்கு,

நேற்று இரண்டாவது முறை தண்ணீர் பாய்ந்தது. மல்லி நிமிர்ந்திருக்கிறது. பைப்பில் ஒரு மூட்டு ஒழுகுகிறது, பரணியிடம் சொல்.

பச்சைக் கரையை மறக்கமாட்டேன். ஆனாலும் வருகிறேன். பந்தியில் என் இலையில் இரண்டு வடையைச் சேர்த்துப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விடாதே. ஒன்று போடு. தின்றுவிட்டு நிமிர்ந்து பார்ப்பேன். அப்போது நீயே இன்னொன்று கொண்டுவா.

உன் அக்கா
செங்கமலம்