மூன்றாவது ஆள் வந்தாயிற்று

காட்டில் இறங்கியதும் எல்லோரும் வேலி போட ஓடும்போது உட்கார்ந்து அடுப்பு மூட்டிய என் சூசை அண்ணனுக்கு,

முதலில் நல்ல செய்தி. வனாந்தரம் இரண்டாம் பாகம் வரப்போகிறது. பொங்கலை ஒட்டி வந்துவிடும் என்கிறார்கள். நீ இருந்திருந்தால் இந்நேரம் தெரு முழுக்க லட்டு கொடுத்திருப்பாய். அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டின் இங்கிலீஷ் பெயர் நம் யார் வாயிலும் நுழையாததால் நீயாக ஞானஸ்நானம் செய்து வைத்த பெயர்தானே வனாந்தரம்? பஷீர் கடையில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

உனக்குத் தெரிந்ததுதான், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆளில்லாத காட்டில் நம்மை வெறுங்கையோடு விட்டுவிடுவார்கள். விறகு பொறுக்கி, குடிசை போட்டு, வேட்டையாடிப் பிழைக்க வேண்டும். எந்தெந்த ஊரிலிருந்தோ அதே காட்டுக்குள் வந்திருக்கும் மற்ற கூட்டங்கள் நம் பானையைப் பிடுங்கப் பார்க்கும். ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்த நீ, பெரம்பலூரில் கணக்கு டீச்சரான நான், அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பஷீர், மூவரும் அங்கே ஒரு கூட்டம். போன வருஷ மழைக்காலத்தில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த பிறகு நாங்கள் இருவரும் அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போது கேள். புதிய காட்டில் மழை பெய்தால் அடுப்பு அணைந்துவிடுமாம். ஆகவே உன் அடுப்புக்கு இனி கூரை போட்டாக வேண்டும். விதைத்து அறுக்கலாமாம். முந்திரி உண்டா என்று விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் நிற்பவர் குரல்தான் காதில் விழுமாம், தள்ளிப் போகப் போகக் குறைந்துவிடுமாம். நீ ஷிப்ட் முடிந்து வந்து போடுகிற சத்தத்துக்கு அதெல்லாம் எந்த மூலைக்கு?

வடக்கு மூலையில் வற்றிப்போன கடல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். மண்ணைத் தோண்டினால், நம் ஊர்ச் சுண்ணாம்புக் குழிகளில் கிடைப்பதுபோலவே, கல்லாகிப்போன நத்தையும் சிப்பியும் கிடைக்கும். படத்தைப் பார்த்ததும் பஷீர் போனில் துள்ளினான்.

"லூர்துக்கா, நம்ம அரியலூரையே தூக்கி உள்ள வச்சிருக்கானுவக்கா! அந்தச் சுண்ணாம்புக் குழி அப்படியே இருக்கு, பாருங்க!"

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. இனி அடிபட்டு விழுந்தவர் உடனே செத்துப்போக மாட்டார். கொஞ்ச நேரம் அப்படியே கிடப்பார். கூட்டத்தில் ஒருவர் வந்து தோளில் தூக்கிக்கொண்டு போனால் பிழைத்துக்கொள்ளலாம். இது வேண்டும் என்று நீ எத்தனை தடவை அந்தக் கம்பெனிக்கு எழுதிப் போட்டாய்! நீ எழுதியதால்தான் வைத்தார்கள் என்று பஷீர் சத்தியம் செய்கிறான். உன் இங்கிலீஷ் அவர்களுக்குப் புரிந்திருக்குமா என்பதுதான் என் சந்தேகம். ஆனாலும் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் காரணமில்லாமல் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன் அண்ணா.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. இந்தப் பாகத்தில் மூன்று பேர் சேர்ந்தால்தான் கூட்டம். இரண்டு பேருக்குக் கதவு திறக்காது. கடைக்கு வருகிற ஆள் ஒருவரைச் சேர்க்கலாமா என்று பஷீர் தயங்கித் தயங்கிக் கேட்டான். நான் வள்ளென்று விழுந்தேன். உன் இடத்தில் இன்னொருவர் நிற்பதைப் பார்க்க எனக்கு மனம் இல்லை. அதற்கு விளையாடாமலே இருந்துவிடலாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

உன் வீட்டிலிருந்துதான் பேசிக்கொண்டிருந்தேன். அப்போது வாய் திறந்தது யார் தெரியுமா? அண்ணி! நீ விளையாடும்போதெல்லாம் "சோறு ஆறிப்போவுது, காட்டுலேருந்து வெளிய வாங்க" என்று அடுப்படியிலிருந்து சத்தம் போடுவாரே, ஒரு தடவை ஒயரையே பிடுங்கினாரே, அதே அண்ணி.

"நான் வரேன் லூர்து."

"உங்களுக்கு அதுல என்னா தெரியும் அண்ணி?"

"ஒண்ணும் தெரியாது. அவரு என்னத்தத்தான் அப்படிப் பாத்துக்கிட்டு இருந்தாருன்னு நானும் ஒருக்கா பாக்குறேனே."

நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். கல்லறைத் திருநாளுக்கு வரதராஜன்பேட்டைக்கு வந்து, அண்ணியும் நானும் உன் கல்லறையைக் கழுவிப் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றினோமே, அன்றைக்கும் எனக்கு முகம் கொடுத்துப் பேசத் தோன்றவில்லை. உனக்கே தெரிந்திருக்கும். அதனால்தான் அங்கே சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய ஆட்டக்காரர்களுக்கு மட்டும் ஒரு நாள் வெள்ளோட்டம் விட்டார்கள். பூசை முடிந்து வந்ததும் அண்ணி புடவையைக்கூட மாற்றாமல், உன் பெயரிலேயே உள்ளே போகலாம் என்று உன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் என் லேப்டாப்போடு நான், கடையில் பஷீர். ஒரு நாள்தானே, தொலையட்டும் என்றுதான் ஒத்துக்கொண்டேன்.

ஆரம்பமே வேடிக்கை. அண்ணி நேராக ஒரு மரத்தில் போய் முட்டிக்கொண்டு அங்கேயே நடந்துகொண்டிருந்தார். எப்படியோ திருப்பிவிட்டேன். பூவாகப் பறித்துப் பையை நிரப்பிக்கொண்டார். கல்லைப் பொறுக்கச் சொன்னால் காதில் விழவில்லை. அதற்குள் காட்டுப்பன்றி ஒன்று வந்து பஷீரை முட்டித் தள்ளியது. நான் ஈட்டியோடு பன்றியைத் துரத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அண்ணி என்ன செய்து வைத்திருந்தார் தெரியுமா?

விழுந்து கிடந்த பஷீரைச் சுற்றிப் பூவை அடுக்கி, எங்களிடம் இருந்த தீப்பந்தங்கள் அத்தனையையும் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நட்டு ஏற்றி வைத்திருந்தார். வீட்டிலே சிலுவை வேறு போட்டுக்கொண்டார்.

ஹெட்போனில் பஷீர் அலறினான். "அண்ணி! நான் இன்னும் உசுரோடதான் இருக்கேன்! பூவ எடுங்க, ஆள எடுங்க!"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உன் வீட்டில் நான் அப்படிச் சிரித்து ஒரு வருஷம் ஆயிற்று. அதற்குள் அந்த வெளிச்சத்தைப் பார்த்து வேறொரு கூட்டம் வந்துவிட்டது. அவர்கள் பேசுவது மெல்லக் கேட்டு, பிறகு பக்கத்திலேயே கேட்டது.

"அண்ணி, அவன விட்டுட்டு ஓடியாங்க! பஷீரு மறுபடி மொதல்லேருந்து வந்துக்குவான்!" என்று நான் கத்தினேன்.

அண்ணி அசையவில்லை. எந்தப் பொத்தான், எந்தப் பொத்தான் என்று தடவினார். நான் காட்டியதும் பஷீரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். பின்னாலிருந்து அம்பு பறக்கிறது, இவர் பாறையில் முட்டுகிறார், பள்ளத்தில் இறங்குகிறார், ஆனால் கீழே போடவில்லை. ஆற்றைத் தாண்டி மூவரும் தப்பித்துவிட்டோம். ஆற்றங்கரையில் அண்ணி செய்த முதல் காரியம், உட்கார்ந்து அடுப்பு மூட்டியது.

"இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டேன்.

"விழுந்தவன விட்டுட்டுப் போவாத, மொதல்ல அடுப்பப் பத்தவையின்னு அவரு தெனம் கத்துவாரே. அடுப்படியில நின்னுக்கிட்டு எத்தன வருஷம் கேட்டிருக்கேன்."

திரையைப் பார்த்தபடியே சொன்னார். அடுப்பில் இன்னொரு விறகைப் போட்டுவிட்டு, "அன்னிக்கி வாசல்ல அவரு விழுந்தப்ப என்னால தூக்க முடியல லூர்து. ஒத்தையா இழுத்துப் பாத்தேன், முடியல. இன்னிக்கித் தூக்கிட்டேன் பாரு" என்றார். அழுகையா சிரிப்பா என்று தெரியாத முகம். நான் அவர் தோளில் சாய்ந்துகொண்டேன்.

உன் இடம் உன் இடம் என்று நான் காவல் காத்துக்கொண்டிருந்தேன். அது யாருடையது என்று நீயே சொல்லியிருப்பாய், இல்லையா?

அன்றைக்கே மூன்றாவது பெயராக அண்ணியைப் பதிந்துவிட்டோம். இப்போது நிலைமை என்ன தெரியுமா? பழைய வனாந்தரத்தில் இறங்கிப் பழகிக்கொண்டிருக்கிறார். நேற்று அடுப்படியிலிருந்து நான்தான் கத்தினேன்: "அண்ணி, சோறு ஆறிப்போவுது, காட்டுலேருந்து வெளிய வாங்க!" அவர் சொன்ன பதில் அப்படியே நீ சொல்வதுதான். "இரு, இந்த ஒரு மரம் மட்டும்."

புதிய காடு திறக்கும் அன்று அந்த வற்றிய கடல் ஓரத்தில் குடிசை போடுவோம் அண்ணா. வேலி பிறகு. முதலில் அடுப்பு, அதற்கு ஒரு கூரை. எங்கள் மூவரில் யார் விழுந்தாலும் மற்ற இருவர் தூக்கி வருவோம், அந்தக் காட்டிலும் சரி, இந்த வீட்டு வாசலிலும் சரி. இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூட்டத்துக்காரி,
உன் தங்கச்சி லூர்து