மூன்று கோட்டுக்குக் கீழே

மார்ச் 4

அன்புள்ள குட்டி,

எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும் உன் வாசிப்பான் நிரலுக்கு ஒரு சின்னத் திருத்தம் இணைத்திருக்கிறேன். ‘4.30 மணி’ என்று எழுதினால் அது ‘நான்கு புள்ளி மூன்று பூஜ்யம் மணி’ என்கிறது. ‘நாலரை மணி’ என்று சொல்ல வைத்திருக்கிறேன். அலுவலகக் கணினியோடு காலமெல்லாம் மல்லுக்கட்டிய கை, இன்னும் மறக்கவில்லை. என் போனை நீ எடுப்பதில்லை. திருத்தம் அனுப்புகிற முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் பதில் போடுகிறாயாம். அதனால்தான் இந்த வழி. வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அப்பா

மார்ச் 6

வணக்கம்.

திருத்தத்துக்கு நன்றி. இப்படியே விட்டால் ‘4.30 கிலோ’வும் நாலரை கிலோ ஆகிவிடும். பின்னால் ‘மணி’ வந்தால் மட்டும் மாற்றுங்கள். இன்னொன்று, கடிதத்தின் நடுவே மூன்று சிறுகோடுகள் (---) போட்டு, அவற்றுக்கு மேலே திருத்தத்தின் காரணத்தை மட்டும் எழுத வேண்டும். அது நிரலின் வரலாற்றில் நிரந்தரமாக நிற்கும். சொந்தப் பேச்செல்லாம் கோட்டுக்குக் கீழே. அது வரலாற்றில் சேராது, உதிர்ந்துவிடும்.

நிரல் பராமரிப்பாளர்

மார்ச் 9

காரணம்: மணியைத் தப்பாகச் சொல்கிறது. கிலோவையும் சரிசெய்துவிட்டேன்.

---

பெற்ற அப்பனுக்கு ‘வணக்கம்’ போட்டவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான் குட்டி. உதிரப்போகிற இடம் என்பதால் தைரியமாகக் கேட்கிறேன். இன்னும் கோபமா? உன் பரீட்சை முடிகிறவரை தன் நோயைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று உன் அம்மாதான் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா

மார்ச் 11

நிரல் சரி. காரணம் போதாது. தப்பு என்றால் யாருக்கு, என்ன கஷ்டம்? மறைத்து எழுதினால் பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் புரியாது.

---

கோபம்தான் அப்பா. அம்மாவுக்குக் கடைசியாக ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக்கூட நான் பக்கத்தில் இல்லை. “எல்லாம் நல்லா இருக்கு, நீ படி”ன்னு தினமும் போனில் சொன்னீர்கள். உங்கள் வாயால் ‘நல்லா இருக்கு’ என்று இன்னொரு தடவை கேட்க என்னால் முடியாது. அதனால்தான் போனை எடுப்பதில்லை.

மார்ச் 15

காரணம்: இந்த நிரலைப் பயன்படுத்தும் ஒருவருக்கு இடது கண் போய்விட்டது. வலது கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது, திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரை வேளையை அவர் காதால்தான் கேட்கிறார். காதில் விழுந்த ‘மூன்று’ என்பதை வைத்துக்கொண்டு மூன்று மணிக்கே போட்டு, நாலரைக்கு, இதுதான் சரியான வேளை என்று நினைவு வந்து மறுபடியும் போட்டுக்கொண்டார். மயங்கி விழுந்த பிறகுதான் பிழை தெரிந்தது. அந்த ஆள் நான்தான்.

---

இங்கே எழுத ஒன்றும் இல்லை குட்டி. நல்லா இருக்கேன் என்று கை தன்னால் எழுதியது. அழித்துவிட்டேன்.

அப்பா

மார்ச் 16

அப்பா,

திருத்தத்தைச் சேர்த்துவிட்டேன். காரணத்தில் ஓர் எழுத்தைக்கூட வெட்டவில்லை. ‘பிழையைச் சொன்னவர்’ என்ற இடத்தில் ‘என் அப்பா’ என்று போட்டிருக்கிறேன், அதுவும் கோட்டுக்கு மேலேதான். படித்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். புதிய நிரலை இறக்கிக்கொள்ளுங்கள். இதன் கடைசி வரியைக் கண்ணை வருத்திப் படிக்க வேண்டாம், வாசிப்பானில் போட்டுக் கேளுங்கள்.

சனிக்கிழமை 4.30 மணி வண்டியில் வருகிறேன்.

குட்டி