ஐயா என்று தொடங்கிய கடிதம்

என் சின்னக்குட்டிக்கு, அப்பா சொல்லச் சொல்ல அண்ணி எழுதுவது. இங்கே நான், அண்ணன், அண்ணி மூன்று பேரும் நடமாட்டமாக, வேளைக்குச் சாப்பாடு இறங்குகிற அளவில் இருக்கிறோம், நீயும் அப்படித்தான் இருப்பாய் என்ற தைரியத்தில் இதைத் தொடங்கச் சொன்னேன். முழங்கால் வலி மாடிப்படி இறங்கும்போது மட்டும்தான், ஏறும்போது இல்லை, அதனால் ஏறிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்கிறேன். அண்ணன் சமையலறைக் குழாயைத் தானே சரிபண்ணுகிறேன் என்று கழற்றிப் போட்டு இரண்டு நாளாகக் குளியலறையில் பாத்திரம் கழுவுகிறோம். இதை எழுதாதே என்று உள்ளேயிருந்து சொல்கிறான், அண்ணி எழுதிவிட்டாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மழை விட்ட நேரத்தில் உன் கடிதம் வந்தது. உறையில் என் பெயர்தான். மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம் என்று அண்ணி படிக்க ஆரம்பித்ததும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முப்பது வயதில் பெண்ணுக்கு மரியாதை வந்ததே என்று நிமிர்ந்து உட்கார்ந்து, அந்த இடத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். அரைப் பக்கம் வரைக்கும் அந்த ஐயா நானேதான். நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு நம் அறையில் சந்தேகம் கேட்க ஆள் இல்லை என்று ஒரு வரி வந்தது, அண்ணி நிறுத்திவிட்டாள். “மாமா, இது உங்களுக்கு எழுதினது இல்ல. அவங்க பழைய மேலதிகாரிக்கு எழுதினது, உறை மாறிப்போச்சு” என்றாள். எனக்கும் புரிந்துவிட்டது, ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “வீட்டுக்கு வந்தாச்சுல்ல, படிம்மா” என்றேன். தப்புதான்.

எட்டு வருஷமாக எந்தப் பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பணிமனையில் உட்கார்ந்து எழுதுகிற உனக்கு இப்போது மூன்று வழி இருப்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. இருக்கிற இடத்திலேயே அறைக்குத் தலைவியாவது, தலைமை அலுவலகத்துக்குப் போய் ஊர் முழுவதற்கும் புது நேர அட்டவணை போடுகிற கூட்டத்தில் கடைசி நாற்காலியில் உட்காருவது, வேலையை விட்டு ஒரு வருஷம் படிப்பது. இருபத்தைந்தாம் தேதிக்குள் விண்ணப்பம் போக வேண்டும், எதற்குப் போடட்டும் என்று அவரைக் கேட்டிருக்கிறாய். அதோடு விட்டாயா, எனக்கு வழி சொல்ல உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வரி. அப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் இருக்கிறதைப் பிடித்துக்கொள் என்பார் என்று இன்னொரு வரி.

சின்னக்குட்டி, எனக்கு வயிறு எரிந்தது. மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது. சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து உன்னைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன் நான், மூன்று வருஷம் பக்கத்து மேசையில் இருந்த மனுஷர் வழி சொல்கிறவரா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அன்று இரண்டு வாய் சாப்பிட்டு எழுந்துவிட்டேன். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அதை உரியவருக்கு அனுப்பிவிடலாம் என்று அண்ணி தினமும் கேட்டாள். உறை இல்லை என்றேன், வாங்கி வந்தாள். தபால் தலை இல்லை என்றேன், அதுவும் வந்தது. பிறகு மழை என்றேன், வெளியே துணி காய்ந்துகொண்டிருந்தது.

அவர் மேல் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை, உன் மேலும் பொறாமைதான். கிடங்கில் முப்பத்தொரு வருஷம் எனக்கு ஒரே வாசல், உள்ளே போகவும் அதுதான், வெளியே வரவும் அதுதான். ஏழாவது வரிசை, மேலிருந்து மூன்றாவது தட்டு, இரண்டு அங்குலத் திருகாணி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கணக்கர் புத்தகத்தைப் புரட்டுவதற்குள் பெட்டி அவர் மேசைக்கு வந்துவிடும். மேற்பார்வை இடம் காலியானபோது என்னைக் கூப்பிட்டு, ஒரு தாளை நீட்டி, இதைப் படி என்றார்கள். நான் தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அப்படிப்பட்டவனுடைய மகளுக்கு மூன்று வழி, எதில் போவது என்று குழப்பம். அந்தக் குழப்பத்தில் எனக்கு ஒரு நாள் கொடுத்திருந்தால் போதும் என்று பட்டது. நீ எழுதினதும் பொய்யில்லை. முதல் நாள் வேலைக்குப் பச்சை வார் வைத்த செருப்பு போட்டுக்கொண்டு கிளம்பினாய், வாசலில் நின்று நான் சொன்னது அதே வார்த்தைதான், இருக்கிறதைப் பிடித்துக்கொள்.

நேற்று, ஒன்பதாவது நாள், அவரிடமிருந்து ஒரு உறை வந்தது. எனக்கு நீ எழுதினது உள்ளே இருந்தது, கூடவே அவர் கையால் ஒரு துண்டுக் காகிதம். மகன் வீட்டுக்குப் போயிருந்தாராம், திரும்பி வந்த அன்றே அனுப்புகிறாராம், மேலே இருந்த நம் விலாசத்தையும் அன்புள்ள அப்பா என்ற வரியையும் பார்த்ததும் மடித்துவிட்டாராம். தமக்கு வர வேண்டியது ஏதாவது என்னிடம் இருந்தால் சௌகரியப்படும்போது அனுப்பினால் போதுமாம். சௌகரியப்படும்போது என்ற இடத்தில் அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். கெட்ட மனுஷராக இருந்தாலாவது நான் நிம்மதியாகத் திட்டலாம், அதற்கும் வழியில்லை. எனக்கு நீ எழுதினதில் காலுக்கு ஒத்தடம், மருந்து, குளிருக்குக் காலுறை, அவ்வளவுதான், வேலையைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

உடனே அண்ணியைத் தபால் நிலையத்துக்கு அனுப்பினேன். அவருக்குப் போய்ச் சேர நாலு நாள், பதில் உனக்கு வர நாலு நாள், நடுவில் ஞாயிறு வேறு, இருபத்தைந்துக்குள் வந்தால் உன் நல்ல நேரம். வராமல் போனால் அது என்னால். அவர் பதிலுக்காக உட்கார்ந்து நாளைத் தவற விடாதே.

அனுப்புகிறதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். எந்த வழியைப் பற்றி எங்கே ஆரம்பித்து எங்கே முடித்திருக்கிறாய் என்று அண்ணியை விரல் வைத்துக் காட்டச் சொன்னேன். அறைத் தலைவிக்கு நாலு வரி. படிப்புக்கு இரண்டரை வரி. அந்தக் கடைசி நாற்காலிக்கு ஒரு பக்கம் முழுக்க, திருப்பிப் போட்டு இன்னும் கால் பக்கம், கடைசியில் இடம் போதாமல் ஓரத்தில் மேல்நோக்கி எழுதியிருக்கிறாய். எனக்கு எழுத்துத் தெரியாது, நீளம் தெரியும். யாரைக் கேட்க வேண்டும் இதற்கு. கடைசி நாற்காலி என்று கூச்சப்படாதே, உன்னைவிடச் சின்னவர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். இதைப் படித்த அன்றே விண்ணப்பத்தைப் போடு. இல்லை, வேறு ஒன்றுதான் என்று உனக்குத் தோன்றினால் அதைப் போடு, சும்மா மட்டும் இருந்துவிடாதே.

நல்லா இரு, கண்ணு. எடுத்த காரியம் கை கூடட்டும், போகிற இடத்தில் உன் சொல்லுக்கு மதிப்பு இருக்கட்டும். ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. வேலை கிடைத்தால் அவருக்கும் சொல், சொல்லத்தான் வேண்டும், ஆனால் எனக்கு ஒரு நாள் முன்னால் சொல். ஒரு நாள் முடியாவிட்டால் ஒரு மணி நேரம் முன்னால் சொன்னாலும் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா
(கைநாட்டு அவருடையது, எழுத்து அண்ணியுடையது)