ஆறு மேசைச் சாப்பாட்டுக் கடை

இன்று காலை வெண்ணெய் உருக்கினேன். முருங்கைக்கீரையைக் கிள்ளிப்போடும் பக்குவம் தாண்டி, வெண்ணெய் சிவந்துவிட்டது. வேறொரு நாளாக இருந்தால் என்னை நானே திட்டிக்கொண்டிருப்பேன். இன்று அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கடைவாசலில் அடித்த வாசனை அது. எந்தக் கடை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எழுபத்தொன்றில், பிரான்சில் உங்கள் பிரெஞ்சுப் பட்டாளம் இருந்த அந்தச் சின்ன ஊருக்கு என்னைக் கூட்டிப்போனீர்கள். புதுச்சேரிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள் கொடுத்துவைத்தவள் என்று எங்கள் மரக்காணமே பொறாமைப்பட்டது. பார்த்தவர்களுக்கு என்ன! ஏழாம் மாதத்தில் பிள்ளை இறந்தே பிறந்தது. அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் பொங்கிய சோறு நாய்கூடத் தின்னாது என்பது வேறு விஷயம். “இப்படியே கெடந்தா நீயும் போயிடுவே” என்று அழுதீர்கள். பட்டாளத்துக்காரர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை, அந்தக் குளிரில், என்னைத் தெருத்தெருவாக நடத்திப்போனீர்கள். ஒரு கடையில் கறி நாற்றம் என்று திரும்பினேன். இன்னொன்றில் என் புடவையை எல்லாரும் பார்த்தார்கள் என்று திரும்பினேன். நீங்கள் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. மூன்றாம் வாரம் மாதா கோயிலுக்குப் பின்சந்தில் அந்தக் கடை. மொத்தம் ஆறு மேசைகள். வெண்ணெயில் வெங்காயம் சிவக்கும் வாசனை. கடைக்காரம்மா ஒன்றும் கேட்காமல் என் ஈரக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, அடுப்புச்சூடு படும் நாற்காலியில் என்னை உட்காரவைத்தாள்.

சூப்பு வந்தது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

“சாப்பிடு, ஆறிடும்.”

“இன்னும் உப்பே வைக்கலையேங்க.”

எங்கள் வீட்டில் உப்பு வைத்த பிறகுதான் மற்றதெல்லாம். உப்பளத்துக்காரன் மகள் வேறு எப்படி இருப்பேன்? நீங்கள் உப்பு கேட்டதும் அந்த அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. வாயில் வைக்கும் முன்னே உப்பு கேட்டால் சமைத்தவளுக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்வதுபோலாம். என் கரண்டியைப் பிடுங்கி, என் தட்டிலிருந்தே ஒரு வாய் குடித்துப் பார்த்து, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று உங்களோடு சண்டைக்கு நின்றாள். நீங்கள் சிரித்துச் சிரித்து என்னென்னவோ சொன்னீர்கள். உள்ளே போனவள் உள்ளங்கையில் கல்லுப்போடு வந்தாள். நம் உப்பு மாதிரியே பழுப்பாக இருந்தது. தட்டின் ஓரத்தில் ஒரு சிட்டிகை வைத்தாள். பிறகு எதிரே உட்கார்ந்து, கடைசிக் கரண்டிவரை நான் குடித்து முடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள். அழுதுகொண்டே குடித்தேன். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு முதலில் உப்பு, பிறகு சூப்பு. நான் பிழைத்தது அப்படித்தான்.

ஆனாலும் ஊருக்குப் போகலாம், ஊருக்குப் போகலாம் என்று ஐந்து வருஷம் உங்கள் உயிரை வாங்கினேன். பென்ஷன் வந்ததும் எனக்காகவே இங்கே வந்தீர்கள். நான் உப்பளக் காற்றில் தேறினேன். நீங்கள் இளைத்தீர்கள். அண்ணன் வீட்டில், சோறு தின்று முடித்ததும் ரொட்டித்துண்டு இருக்கிறதா என்று கேட்பீர்கள். “துரைக்கு ரொட்டி வேணுமாம்” என்று சிரிப்பார்கள். நானும் கூடச் சிரித்தேன். மத்தியானம் பன்னிரண்டு அடித்தால் “இந்நேரம் அந்தம்மா கடை தெறந்திருக்கும்” என்பீர்கள். “அங்க இன்னும் பொழுதே விடிஞ்சிருக்காதுங்க” என்று மடக்குவேன். எனக்குத்தான் எவ்வளவு சாமர்த்தியம்!

போன வருஷம், மழைக்கு முன்னால், எல்லாரும் இருக்கும்போது கேட்டீர்கள்: “ஒரே ஒரு தடவ அங்க போயிட்டு வரலாமா?”

“சோத்துக்காக யாராச்சும் பிளேன் ஏறுவாங்களா?” என்றேன். வீடே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். அப்புறம் கேட்கவேயில்லை. மார்கழிக் காய்ச்சல் பத்து நாளில் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

போன வாரம் அந்த அம்மாளிடமிருந்து உங்கள் பெயருக்கு ஒரு கார்டு வந்தது. நம் வீட்டில் யாரும் அவளுக்குச் சேதி சொல்லவில்லையே. புதுச்சேரிக்கு பஸ் ஏறிப்போய், உங்களோடு பட்டாளத்தில் இருந்த பெரியவரிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

“ரெண்டு பேரும் எப்ப வர்றீங்கன்னு கேக்குறாங்கம்மா. என்ன பதில் எழுதட்டும்?”

நீங்கள் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“வர்றோம்னு எழுதுங்கய்யா” என்றேன்.

பெரியவர் என்னைப் பார்த்தார். பேனாவை எடுத்து எழுதினார். உங்களிடம் சொல்ல மனசு வராத வார்த்தையை பேர்கூடத் தெரியாத அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டு, திரும்பும் பஸ்ஸில் கூனிமேடு தாண்டும்வரை அழுதேன். நீங்கள் கேட்ட அன்றைக்கே சொல்லியிருந்தால் நாம் போயிருப்போமோ என்னவோ. நீங்கள் அந்த மார்கழிவரை சந்தோஷமாகவாவது காத்திருந்திருப்பீர்கள்.