ஆமை ஓட்டில் நாலாவது வரிசை

என் வாயாடி மகளுக்கு, உன்னைவிடப் பெரிய வாயாடியான அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்கு ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொண்டு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அதில் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், அதோடு இந்த விஷயத்தை வாயால் சொன்னால் எனக்குக் குரல் நிற்காது. அஞ்சாவதோடு நின்ற படிப்பு என்னுடையது, பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள், வாத்தியார் மாதிரி சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பிவிடாதே.

உன் மாமா வருஷா வருஷம் கூப்பிடுவானே, அவன் இருக்கிற ஊரில் நடக்கிற பூத்திருவிழா, போன வாரம் அதற்குப் போய் வந்தோம். என்ன சொல்ல, அந்த ஊரில் பூ இல்லாத இடம் என்றால் கழிவறைதான், அங்கேயும் ஒரு வாளியில் வைத்திருந்தார்கள். விளக்குக் கம்பம் எல்லாம் பூ, முடி வெட்டுகிற கடையில் நாற்காலிக்குக்கூடப் பூ. கீழே கிடந்த ஒன்றை எடுத்து நான் காதில் செருகினேன், உடனே உன் அப்பா, நீ எத்தனையாவது வண்டியில் ஊர்வலம் போறே என்று கேட்டார். இந்த வயசில் அந்த வாய் பார். உன் மாமாவுக்கு இந்த வருஷம் ஊர்வலத்தில் பெரிய ஆமை வண்டி ஓட்டுகிற வேலை. வண்டியின் மேல் ஆமை, ஆமையின் வயிற்றுக்குள் இவன், கழுத்தில் ஒரு ஓட்டை, அது வழியாகத்தான் ரோட்டைப் பார்க்கணும். அக்கா, ஆமைக்கு நான்தான் குடல் என்று பெருமை வேறு. ஊர்வலத்துக்கு முதல் நாள் வெளியூர்க்காரர்களும் வந்து பூ வைக்கலாம் என்று எங்களை அந்தப் பெரிய கொட்டகைக்குக் கூட்டிப்போனான். தரை முழுக்க ஈரம், வாளி வாளியாகப் பூ, வெட்டின காம்பு வாசனை. மேற்பார்வை பார்க்கிற அம்மா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, இருக்கிற சத்தத்துக்கு மேலே சத்தம் போட்டாள். ஆமை ஓட்டில் ஒரு கட்டத்தை உன் அப்பாவுக்கு ஒதுக்கினாள், பலகை முழுக்கப் பச்சைத் தெர்மோகோல், அதில் மஞ்சள் சாமந்தியைக் குண்டூசியால் குத்தணும், அவ்வளவுதான் வேலை.

எல்லாரும் கைக்கு வந்தபடி நெருக்கி நெருக்கிக் குத்துகிறார்கள். முப்பது வருஷம் டைல்ஸ் ஒட்டினவர் அப்படிச் செய்வாரா. பையிலிருந்து நூலை எடுத்தார், பென்சிலை எடுத்தார், கட்டத்துக்கு நடு கண்டுபிடித்தார், குறுக்கே ஒன்று நெடுக்கே ஒன்று நூல் கட்டினார், அப்புறம்தான் முதல் பூ. பூவுக்கும் பூவுக்கும் சுண்டுவிரல் இடைவெளி. பூட்ஸ்கார அம்மா வந்து இந்தச் சந்து எதுக்குங்க என்றாள். சந்தில் சிமெண்ட் பூசணும்ல என்றார் இவர், முகத்தில் சிரிப்பே இல்லை. கொட்டகையே சிரித்தது, எல்லாரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். பச்சை தெரியக்கூடாது, நெருக்கி வையுங்க என்றதற்கு, வெயில் பட்டால் விரியும், இடம் விடலைன்னா தூக்கிக்கும் என்று அவளுக்கே பாடம் எடுத்தார். ஆளை விட்டால் போதும் என்று அவள் போய்விட்டாள்.

இரண்டு வரிசை முடிந்த பிறகுதான் நான் சரியாகப் பார்த்தேன். குண்டூசி கீழே விழுகிறது, எடுக்கிறார், மறுபடி விழுகிறது. வலது கை நடுங்குகிறது, நடுக்கம் தெரியாமல் இருக்கப் பலகை விளிம்பில் அதை அழுத்திப் பிடித்திருக்கிறார். விளையாடுகிறார் என்று நினைத்து அந்தக் கையைப் பிடித்தேன். பிடிபட்ட மீன் மாதிரி உள்ளே துடித்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அரை டம்ளர் டீ போதும் என்பார், மாப்பிள்ளை மாதிரி உடம்பைக் குறைக்கிறீங்களா என்பேன். சட்டைப் பட்டனை என்னைப் போடச் சொல்வார், கல்யாண ஆசை வந்துடுச்சா என்பேன். கேலி பண்ணிப் பண்ணியே அவர் மறைக்க நான் உடந்தையாக இருந்திருக்கிறேன், மகளே.

மறுநாள் காலையிலிருந்து நடைபாதை ஓரம் நின்றோம். பூவால் செய்த கப்பல் வந்தது, குதிரை வந்தது, ஒற்றைச் செருப்பு ஒன்று பஸ் உயரத்துக்கு வந்தது, வாத்தியக்காரர்கள் தொப்பியில் பூவோடு வந்தார்கள், ரோடெல்லாம் இதழ். கடைசியில் ஆமை. ஓடு முழுக்க மஞ்சள் கம்பளம், ஒரே ஒரு கட்டம் மட்டும் சந்து சந்தாக. முதல் இரண்டு வரிசை நூல் பிடித்த மாதிரி. மூன்றாவது கொஞ்சம் இறங்கியிருந்தது, நாலாவது சறுக்கியே போயிருந்தது. பக்கத்தில் நின்றவள், அந்தக் கட்டம்தான் நிஜ ஆமை மாதிரி இருக்கு என்று புருஷனிடம் காட்டினாள். உன் அப்பா நகக்கண் அளவு ஏறியிருந்த ஒரு டைலுக்காகப் பள்ளிக்கூட வராந்தாவையே பெயர்த்துப் போட்ட மனுஷன் என்று உனக்குத் தெரியும். ஆமை திருப்பம் திரும்புகிற வரைக்கும் பார்த்துவிட்டு, கோணிடுச்சு என்றார். பிறகு அந்தக் கூட்டத்தில் வலது கையை அவரே என் கையில் வைத்தார். நாலு மாசமாக இப்படித்தானாம், கையில் பூச்சுக் கரண்டி நிற்கவில்லையாம், கடைசி இரண்டு வீட்டுக்கும் டைல்ஸ் ஒட்டினது அவரோடு வேலை செய்கிறவராம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். சொன்னால் நீ சிரிக்கிறதை நிறுத்திடுவே, அப்புறம் வீட்டில் என்ன இருக்கு என்றார். வாத்தியச் சத்தத்தில் நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கே கேட்கவில்லை.

நம் தெரு டாக்டர் பார்த்துவிட்டு நரம்பு டாக்டருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார், இதுவாகவும் இருக்கலாம் அதுவாகவும் இருக்கலாம் என்கிறார், பேர் எதுவும் சொல்லவில்லை. அடுத்த மாதம் மூன்றாம் தேதி, புதன்கிழமை போகணும். வருகிறேன் என்று ஒத்துக்கொண்டுவிட்டார், ஆனால் உன்னிடம் மூச்சு விடக்கூடாதாம். நான் உம் என்றேன், உம் என்பதைச் சத்தியத்தில் சேர்க்க முடியாது. நீ டிக்கெட் எடுத்துக்கொண்டு ஓடி வராதே, வரவேண்டிய நேரத்தை நான் சொல்கிறேன். டாக்டரிடம் போவதற்கு முதல் நாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவருக்குப் போன் பண்ணு. கையைப் பற்றிக் கேட்காதே, அழாதே. மாமா எடுத்த போட்டோ இதோடு வைத்திருக்கிறேன், அதைப் பார்த்து, முதல் இரண்டு வரிசை அருமைப்பா, நாலாவதுக்கு என்ன ஆச்சு என்று மட்டும் கேள். நீ கேட்டால் அவர் பொய் சொல்லமாட்டார், கோணலான வேலையைப் பற்றி அவருக்குப் பொய் சொல்லவே தெரியாது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், ஈரத் தலையோடு படுக்காதே, இரண்டு பேரும் குறையில்லாமல் நூறு வருஷம் சண்டை போட்டு வாழணும். நான் சிரிக்கிறதை நிறுத்தவில்லை, மற்றதைக் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் முடித்துக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை, மறந்துவிடாதே.

இப்போது சட்டைப் பட்டனை வாயைத் திறக்காமல் போட்டுவிடுகிற,
உன் அம்மா