ஈரத்துணிக்குள் ஒரு முகம்

உத்திரமேரூர்
10-9-59

பாப்பாவின் அம்மாவுக்கு,

மானாம்பதியில் உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா? இங்கே இன்னும் மழை இல்லை.

பாப்பாவை ஒரு போட்டோகூட எடுக்காமல் விட்டோமே, முகம் மறந்துபோகிறதே என்று எழுதியிருந்தாய். அதனால் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், ஏரிக் களிமண்ணில் உமி பிசைந்து அவள் முகத்தைச் செய்துகொண்டிருந்தேன். கண்ணுக்குப் புளியங்கொட்டை, தலைமுடிக்குப் பனைநார். மண் வெடிக்காமலிருக்க ஈரத்துணி சுற்றிக் கூடத்து மூலையில் வைத்திருந்தேன்.

நேற்று தெருப் பிள்ளையார்களையெல்லாம் ஏரியில் கரைக்க எடுத்துப்போன சிட்டம்மாள், வீடு பெருக்க வந்தபோது சொன்னாள்:

"இந்த வருசம் பண்டிகை இல்லேன்னீங்களே சார், மூலையில மூடி வெச்சிக்கினு கீறீங்க! அந்தப் புள்ளையாரையும் கரைச்சிட்டேன். துணிகூடப் பிரிக்கல, அப்பிடியே தண்ணில வுட்டுட்டேன்."

நல்லது என்றேன்.

ஏரியில் மண்ணுக்கா பஞ்சம்? இன்று மறுபடி உட்கார்ந்தேன். முதல் தடவை கை தானாகவே கன்னத்தில் குழி போட்டது. இன்று அங்கே வந்ததும் நின்றுவிட்டது. இடது கன்னமா, வலதா? பதினைந்து வருஷமாகப் பிள்ளைகளுக்கு முகம் வரையச் சொல்லித்தரும் டிராயிங் மாஸ்டர் நான்.

உனக்கு எந்தக் கன்னம் என்பது மட்டுமாவது ஞாபகம் இருக்கும்போதே கிளம்பி வா.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா