பதினேழாம் எண் தகடு

ஜூன் 3, செவ்வாய்

பதினாலு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. போதும்.

ஐ.என்.எஸ். நீலதுர்க் போர்க்கப்பலுக்கு அடுத்த மாதம் ஓய்வு. கொடியை இறக்கிவிடுவார்கள். இருபத்தெட்டு வருஷம் ஓடிய கப்பல். அதில் ஒன்பது வருஷம் நான் எந்திர அறையில் இருந்தேன். அதன் வரலாற்றைப் பழைய ஆட்கள் சேர்ந்து புத்தகமாகப் போடுகிறார்களாம். தொகுப்பவர் அன்று எங்கள் லெப்டினன்ட், இப்போது கமாண்டர், குல்கர்னி. வரைவை இன்று வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறார். வாரிசுச் சான்றிதழுக்காக எதிரே நாலு பேர் நிற்க, இப்போது நான் வேலை பார்க்கும் தாலுகா ஆபீஸில் போனை மேசைக்கு அடியில் வைத்து வாசித்தேன்.

2011 நவம்பர் புயல் நாலே வரி. ‘ஒரு மாலுமியின் கவனக்குறைவால் எந்திரங்கள் பதினொரு நிமிடம் நின்றன. லெப்டினன்ட் குல்கர்னியின் தலைமையில் கோளாறு சரிசெய்யப்பட்டு ஏழு மீனவர்கள் மீட்கப்பட்டனர்.’

தலைமை! அவர் ஏணியில் பாதி இறங்கும்போதே நான் மூடிக் கிடந்த வால்வைத் திறந்து முடித்துவிட்டேன். பாராட்டுப் பத்திரம் அவருக்கு. எனக்கு ஒரு டீ, அதுவும் சர்க்கரை இல்லாமல்.

திருத்தம் இருந்தால் விசாகப்பட்டினத்துக்கு 30-ந்தேதிக்குள் தபாலில் அனுப்பலாமாம். அனுப்புகிறேன்.

ஜூன் 5

எழுத ஆரம்பித்துவிட்டேன், இங்கிலீஷில். 1997-ல் கப்பல் கடலில் இறங்கியதிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் பத்தியிலேயே நான் பணியில் சேர்ந்துவிட்டேன். நடுவில் ஆறு வருஷம் எங்கே போனது? நான் இல்லாமல் கப்பல் என்ன பெரிதாகச் செய்திருக்கப் போகிறது.

ஜூன் 8, ஞாயிறு

ஏழு பக்கம். சுனாமி நிவாரணம், ஏடன் வளைகுடா ரோந்து, புயல். என் மனைவி ராஜி பள்ளிக்கூட டீச்சர். எந்தத் தாளைக் கொடுத்தாலும் சிவப்புப் பேனாவோடுதான் வாசிப்பாள்.

“வைத்தியலிங்கம்னு ஒங்க பேரு முப்பத்தொரு எடத்துல வருது. கப்பல் பேரு பத்தொம்பது. ஏங்க, அந்தக் கப்பலு ஓடுச்சா, இல்ல நீங்க ஒத்தையில தள்ளிக்கிட்டுப் போனீங்களா?”

இவளுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? சங்கரன்கோவிலில் தண்ணி லாரி பின்னால் ஓடியதுதான் இவள் பார்த்த பெரிய அலை.

பிறகு தனியாக எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்றுதான்.

ஜூன் 11

‘ஒரு மாலுமி’ என்று விட்டால் அது வரலாறு ஆகுமா? பெயர் வேண்டாமா? போட்டேன்: உச்சிமாகாளி. அன்று பணியில் இருந்தவன். கியர்பெட்டி எண்ணெயைக் குளிரவைக்கும் கடல்நீர் வால்வு மூடிக் கிடப்பதைக் கவனிக்காமல் விட்டவன். கப்பல் மெதுவாகப் போனவரை தெரியவில்லை. மீனவர்களை நோக்கி வேகம் எடுத்ததும் சூடேறி எல்லாம் நின்றது. அவனுக்குப் பதவி உயர்வு போனது. அப்படியே கடற்படையை விட்டு வெளியே வந்துவிட்டான்.

கப்பல் வழக்கத்தையும் ஒரு பத்தி விளக்கினேன். வால்வை மூடுகிறவன் தன் எண் போட்ட பித்தளைத் தகட்டை அதன் சக்கரத்தில் மாட்ட வேண்டும். வேலை முடிந்ததும் அவனேதான் திறந்து, தகட்டைப் பலகைக்குத் திருப்ப வேண்டும். என் எண் 17. திருப்பாமல் பையில் வந்துவிட்டது போலிருக்கிறது; இப்போது ராஜியின் ஸ்கூட்டர் சாவியில் தொங்குகிறது. கப்பல் எனக்குக் கொடுத்த ஒரே பதக்கம்.

ஜூன் 14

நேரில் பார்த்த சாட்சி ஒருவர் கையெழுத்துப் போட்டால் குல்கர்னி மறுக்க முடியாது. பக்கத்தில் இருப்பது உச்சிமாகாளிதான், சிவகிரியில். குற்றவாளியிடமே சாட்சிக் கையெழுத்து. என் மூளையே மூளை.

ஜூன் 15, ஞாயிறு

காலை பஸ்ஸில் போனேன். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். தலை முழுக்க நரை.

“வாங்க அண்ணாச்சி! என்ன, கப்பல்ல ஆள் பத்தலையா?”

டீ வாங்கி வரச் சொன்னான். சர்க்கரையோடு வந்தது. ஏழு பக்கத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். தமிழில் இன்னும் அசிங்கமாக இருந்தது. அவன் பெயர் வந்த இடத்தில் கம்பி சுற்றிய கை நிற்கவில்லை. சுற்றி முடித்து, நூலால் கட்டிவிட்டுத்தான் பேசினான்.

“அந்த வால்வுல யாரு தகடு தொங்குச்சுன்னு எழுதலையே?”

“தகடா? ஏலே, தகடு ஏது?”

“ஒங்க தகடுதான் அண்ணாச்சி. மத்தியானம் வடிகட்டி கழுவ நீங்கதான் மூடுனீங்க. வீட்டுலருந்து போன் வந்துச்சுன்னு மேல ஓடுனீங்க. புள்ள பொறந்த சேதி.”

என் மகள் வித்யா பிறந்த நாள். மிட்டாய் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது.

“நீங்க வால்வத் தொறந்துட்டு அங்கனயே மூச்சு வாங்கிட்டு நிக்கீங்க. ஆபீசர் எறங்கி வாராரு. தகடு சக்கரத்துலயே ஆடுது. கழட்டி ஒங்க சட்டப் பையில போட்டேன். பச்சப்புள்ளக்காரரு, இப்பப் போயி மாட்டிக்கிடக் கூடாதுன்னு.”

“ஏன் வே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். ரெண்டு நாள் பாத்தேன்.”

கோபமே இல்லை அவனிடம். இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன். கையெழுத்துக்கு வாங்கிப்போன பேனாவை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஜூன் 16

லீவு. தலைவலி என்று எழுதிக் கொடுத்தேன்.

ஜூன் 18

தெரியாதா எனக்கு? இருட்டில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அந்தச் சக்கரத்தைத் திருப்பினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தகடு கணகணவென்று அடித்தது. அந்தச் சத்தம் இப்போதுதான் நினைவுக்கு வந்தது என்றில்லை. எப்போதும் இருந்தது. அதன்மேல் குல்கர்னியை உட்கார வைத்திருந்தேன் — பதினாலு வருஷம். மனுஷன் பாவம், எவ்வளவு வலித்திருக்கும்.

ச்சே. இதிலும் நக்கல் வருது பாரு எனக்கு.

ஜூன் 21, சனி

ஏழு பக்கம் ஒன்றரைப் பக்கம் ஆனது. 1997 முதல் 2003 வரை நடந்ததையும் விசாரித்துச் சேர்த்தேன். நான் இல்லாமலும் நிறைய செய்திருக்கிறது அந்தக் கப்பல். புயலுக்கு ஐந்து வரி. வால்வை மூடியவர் 17-ம் எண் தகட்டுக்காரர். திறக்க மறந்தவரும் அவரே. உச்சிமாகாளி தவறு செய்யவில்லை. அவர் இன்னொருவரின் தகட்டை மறைத்து, பழியைத் தான் ஏற்றுக்கொண்டார்.

ராஜி வாசித்தாள். சிவப்புப் பேனாவை மூடியபடியே வைத்திருந்தாள்.

“ஒங்க பேரு ஒரு எடத்துலயும் இல்லியே?”

ஜூன் 23, திங்கள்

கீழே கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். போட்டால் ‘உண்மையைச் சொன்ன வைத்தியலிங்கம்’ என்று அதற்கும் ஒரு பாராட்டை எதிர்பார்ப்பேன். என்னை எனக்குத் தெரியும். துணிச்சல் இல்லை என்பதும் பாதிக் காரணம். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஸ்பீடு போஸ்ட் என்றால் அனுப்புநர் பெயர் கேட்பார்கள். சாதாரணத் தபால். ராஜபாளையம் போய்ப் பெட்டியில் போடலாமா என்று யோசித்தேன். அந்தக் கப்பலில் சங்கரன்கோவில்காரன் நான் ஒருத்தன்தான், தபால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். பிறகு சிரிப்பு வந்தது. உள்ளே வைக்கப் போவதை வைத்த பிறகு முத்திரை எதற்கு?

கையெழுத்து இல்லாமல் நாளை இங்கேயே போடுகிறேன்.

ராஜியின் ஸ்கூட்டர் சாவியிலிருந்து தகட்டைக் கழற்றிக்கொண்டு, சாவியை ஒரு சணல் கயிற்றில் கட்டிக் கொடுத்தேன்.